இருநூறு வருஷத்து கேட்டைச் செய்த நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன்

முத்தியால்பேட்டையில் நான் தொடங்கிய முதல் பட்டறைக்குக் கூரை கிடையாது. அதற்குக் கூரை போட்டவன் நான். எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் இன்று நிற்கிற பெரிய பட்டறையைத் தூண் நட்டதிலிருந்து மேலே ஏறி போல்ட்டு முடுக்கியது வரை நானே கட்டினேன். தவளக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசல், பாதி ஊருக்கு ஜன்னல் கிரில், புயலுக்கே அசையாத ஒரு சைக்கிள் ஸ்டாண்டு, இரண்டு மகள்களின் பட்டப்படிப்பு, பட்டறையை ஒட்டிக் குடியிருக்கும் மாடிவீடு. நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்தவை இவை. பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்பாள் என் மனைவி. அவள் பத்தாவது பாஸ். அந்த மிதப்பு.

கடைசியாகக் கட்டியது இன்டர்நெட்டில் எழுதுகிற ஒரு பிளாக். அதுவும் ஒரு கேட்டுக்காக.

கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் மஞ்சள் சுவர் வீடு ஒன்றில் அந்த கேட் இருக்கிறது. வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். நாங்கள் பிரெஞ்சு மரியாதையில் 'முசியே' என்றுதான் கூப்பிடுவோம். "புதுசா தெரியக் கூடாதுப்பா. எங்க பாட்டன் காலத்துலேருந்து நிக்கிற மாதிரி இருக்கணும்" என்றார். இரும்பைச் சுருள் சுருளாக வளைத்து, கொடி படரவிட்டு, உச்சியில் ஈட்டி வைத்தேன். பிறகு உப்புத் தண்ணீர் தெளித்து ஒரு மழைக்காலம் முழுக்க என் வீட்டு மொட்டை மாடியில் கிடத்தினேன். புது மாப்பிள்ளையைக் கிழவனாக்குகிற வேலை. மாட்டிய அன்று முசியே அதைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் பிரான்சில். வீடு இப்போது விடுதி.

சமீபத்தில் ஒரு மாலை மனைவியோடு மொபெட்டில் கடற்கரைக்குப் போகும்போது அந்த கேட்டின் முன்னால் சுற்றுலாக் கூட்டம். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட வழிகாட்டி ஒருவன் விளக்கிக்கொண்டிருந்தான்.

"இந்த கேட்டுக்கு இருநூறு வயசு. பிரான்ஸ்லேருந்து கப்பல்ல வந்துது."

வண்டியை அங்கேயே நிறுத்தினேன். "கப்பல்ல வரல தம்பி. மேட்டுப்பாளையத்துலேருந்து மினி லாரில வந்துது. பக்கத்துல புடிச்சிக்கினு நின்னவன் நான்."

"பெரியவரே, நெட்லயே போட்டிருக்கு."

"நெட்ல எவன் போட்டான்?"

"யாரோ பிளாக்ல எழுதியிருக்காங்க."

"நான் எழுதினா?"

"எழுதுங்க. படிச்சிட்டு அதையும் சொல்றேன்."

கூட்டம் சிரித்தது. மனைவியும் சிரித்தாள். அதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் பட்டறைக்குப் போகவில்லை. வெளியூரில் இருக்கும் சின்ன மகள் அங்கிருந்தபடியே எனக்கொரு பிளாக் திறந்து கொடுத்து, "எழுதுங்கப்பா, எழுதிட்டு வெளியிடுன்னு இருக்கிற பட்டனை அழுத்துங்க, அவ்ளோதான்" என்றாள். ஒவ்வொரு வரி முடிந்ததும் அழுத்தினேன். வெல்டிங்கில் அப்படித்தான், ஒரு புள்ளி வைத்துப் பிடித்துக்கொண்டு அடுத்ததுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் கோணிக்கொள்ளும். மாலையில் பார்த்தால் ஒரு கட்டுரைக்குப் பதிலாக ஒற்றை வரிக் கட்டுரைகள் ஒரு லாரி லோடு. அதிலும் கடைசியாக எழுதியது உச்சியில், முதல் வரி அடியில். எந்த கேட்டையும் நான் கீழிருந்துதான் கட்டுவேன் என்பதால் எனக்கு அது சரியாகவே பட்டது. படிக்கிற ஜனம் மேலிருந்து இறங்குமாம். வந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டது, "ஆகவே எல்லோரும் வாயை மூடவும்" என்ற என் முடிவுரை.

மனைவி போனைப் பிடுங்கினாள். "இன்னாங்க இது, குழாயடிச் சண்டை மாதிரி இருக்குது?"

"சண்டைதான்டி."

"'நான்' எத்தினி வாட்டி வருது பாருங்க. தலைய வலிக்குது."

"செஞ்சவன் நான். வேற யாரைப் போட? உங்க அண்ணனைப் போடட்டுமா?"

"எங்கண்ணன் செஞ்சிருந்தா கேட்டு கிறீச்சுன்னு கத்தாது."

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். எழுதியதைவிட வெட்டியது அதிகம். பட்டறைக்குக் கரண்ட் வாங்க நான் நடந்த நடையெல்லாம் போயிற்று. என் தியாகங்கள் ஒரு பத்தி முழுக்கப் போயின. மிஞ்சியது கேட் மட்டும். சாட்சிக்கு ஒரு படம் வேண்டும் என்றாள். அடிச்சட்டத்துக்குக் கீழே, குனிந்தால் மட்டும் தெரிகிற என் வெல்டிங் தடத்தைத் தெருவில் குப்புறப் படுத்துப் படம் பிடித்தேன். மயங்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்து விடுதி வாட்ச்மேன் சோடா வாங்கிவந்தார். குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் எவனிடம் வெல்டிங் மிஷின் இருந்தது? இதற்கு மேல் என்ன வேண்டும்? போட்டோம்.

முதல் கருத்து வந்தது. மனைவி வாசித்தாள்: "அருமையான பதிவு. இவ்வளவு பழைய கேட்டை எவனோ ஒரு லோக்கல் வெல்டர் ரிப்பேர் பண்றேன்னு கெடுத்து வெச்சிருக்கான்." அதன் கீழே வரிசையாக அழுகிற முகங்கள்.

அடுத்த வாரம் மனைவியோடு போனால் அதே தெருவில் அதே வழிகாட்டி. சொன்ன சொல் தவறாதவன், படித்திருந்தான். கூட்டம் முழுவதையும் குனியச் சொல்லி என் தடத்தைக் காட்டினான். "இங்க பாருங்க, பின்னாடி ஒரு உள்ளூர் ஆளு கை வெச்சிட்டாரு." வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி உச்சுக் கொட்டினாள்.

"தம்பி, அந்த ஆளு நான்தான்."

"தெரியுதுய்யா. வுடுங்க. உங்களக் காட்டிக் குடுக்க மாட்டேன்."

இந்த முறை மனைவி சிரிக்கவில்லை. மொபெட்டிலிருந்து இறங்கினாள். "ஏம்பா, அடியில மட்டுமில்ல, மேல இருக்கிற ஈட்டி வரைக்கும் இவரு செஞ்சதுதான். இது எங்க மாடியில கிடந்தப்ப துணி காயப்போட எடமில்லாம நான் பட்ட பாடு இருக்குதே!"

"சரிங்கம்மா" என்று அவன் கூட்டத்தை அடுத்த வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

அதனால்தான் இந்தப் பதிவு. இதில் பிழையில்லாததற்குக் காரணம் தான்தான் என்று ஒரு வரி போடச் சொன்னாள் மனைவி. போடாவிட்டால் பட்டனை அழுத்த மாட்டாளாம். போட்டுவிட்டேன், கை ஒன்றும் தேய்ந்துவிடவில்லை. எனக்கும் ஒரு வரிதான் வேண்டும். குனிந்து பார்க்கிற இடத்தில் வேண்டாம், விடுதிக்காரரே, அந்த மஞ்சள் சுவரில் கண் மட்டத்தில் ஒரு பலகை வையுங்கள்: முழு கேட்டையும் செய்தவர் மேட்டுப்பாளையம் வெல்டர், யாரும் எதையும் கெடுக்கவில்லை. பெயரை நேரில் வந்து கேளுங்கள், சொல்கிறேன். பலகையையும் நானே செய்து தருகிறேன். அதை மட்டும் புதுசாகவே விட்டுவிடுவேன்.