பெரினின் கன்னம்

முப்பத்தொரு ஆண்டுகளில் அன்செல்ம் கார்பெல் நானூற்றுக்கும் மேற்பட்ட முகங்களை வரைந்தார். அவற்றில் ஒன்றில்கூட அம்மைத் தழும்பு கிடையாது.

அந்தக் காலத்து வெர்சாய் அரண்மனைக் கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால், அது அம்மை கண்ட ஒரு முகத்தின் மேல்தான் விழும். அன்செல்மின் படங்களில் மட்டும் கோமாட்டிகள், தளபதிகள், மடத்துத் தலைவிகள் எல்லோரும் உரித்த முட்டை போல இருந்தார்கள். ஈய வெள்ளையில் துளி சிவப்பைக் குழைத்து, மெல்லிய மயிர்த் தூரிகையால் கன்னத்தின் குறுக்கே ஒரு இழுப்பு. அவ்வளவுதான் வித்தை.

ரூவான் நகரில் கையுறை தைப்பவருக்குப் பிறந்தவர் அவர். பத்தொன்பது வயதில் பாரிசுக்கு வந்து, ஒரு பெரிய ஓவியரின் பட்டறையில் ஐந்து ஆண்டுகள் வெறும் சரிகையும் சட்டைக்கையும் வரைந்தார். ஒரு நாள் முதலாளிக்குக் கால் வீங்கி எழுந்திருக்க முடியவில்லை. முகம் வரைய வந்து காத்திருந்த விதவையை அன்செல்மே வரைந்தார். கன்னத்துக் குழிகளைப் பார்த்தும் பாராததுபோல் விட்டுவிட்டார். அந்த அம்மாள் படத்தைப் பார்த்து அழுதேவிட்டாள். மறுவாரம் தோழிகளைக் கூட்டிவந்தாள். அப்படி அரண்மனைக் கதவு திறந்தது. அரசரை வரையும் பதவி அவருக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை. அந்தப் பதவியில் இருந்தவருக்கு நேரமில்லாதபோது சீமாட்டிகள் கூப்பிடும் ஆள் இவர்.

பெரிய இடத்துப் பெண்கள் முகத்தைக் காட்ட ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள். பிறகு உடுப்பை மட்டும் பெட்டியில் அனுப்பிவைப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்தது அன்செல்மின் மனைவி பெரின். பல கோமாட்டிகளின் படங்களில் விசிறியைப் பிடித்திருக்கும் கை அவளுடையது.

அவளுடைய முகத்தை மட்டும் யாரும் வரையச் சொன்னதில்லை. பதினொரு வயதில் அம்மை வந்து பிழைத்தவள். இடது கன்னம், ஆலங்கட்டி மழை பெய்து ஓய்ந்த மணல் மாதிரி இருக்கும்.

1751ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் மகள் உர்சூலிடமிருந்து சேதி வந்தது. சர்க்கரை வியாபாரியைக் கட்டிக்கொண்டு மார்த்தினீக் தீவுக்குப் போனவள் அவள். குழந்தை பிறந்திருக்கிறது, பாட்டி யாரென்று அதற்குக் காட்ட வேண்டும், அம்மாவை அப்பா வரைந்து அனுப்ப வேண்டும். மார்ச் மாதம் நாந்த் துறைமுகத்திலிருந்து கப்பல் கிளம்பும்.

அன்செல்ம் இரண்டே அமர்வில் முடித்துவிட்டார். பெரின் எழுந்து வந்து பார்த்தாள்.

"யாருங்க இது?"

"என்ன கேள்வி? நீதான்."

"நானா? உங்க கோமாட்டிக் கூட்டத்துல ஒருத்தி மாதிரில்ல இருக்கு. என் கன்னம் எங்க? அடகு வெச்சுட்டீங்களா?"

"கை தானா போயிடுச்சு, பெரின்."

"உர்சூல் சின்னதா இருந்தப்ப இந்தக் குழியில விரல வெச்சுக்கிட்டாத்தான் தூங்குவா. இந்த அம்மாவப் பாத்தா, 'யாரோ பணக்கார அத்தை போல'ன்னு சுவத்துல மாட்டிடுவா."

அன்செல்ம் முகத்தைச் சுரண்டிவிட்டு அதே ஓவியத் துணியில் மறுபடி ஆரம்பித்தார். நவம்பர் முழுக்க அது நடந்தது. ஒரு குழியை வரைவார். அடுத்த நொடி கை அதை இழுத்து மெழுகிவிடும்.

"தொடாதீங்க! அது இருக்கட்டும்!" என்று நாற்காலியிலிருந்தே கத்துவாள் பெரின். "ஊரான் பொண்டாட்டிங்களுக்குச் செஞ்ச உபகாரம் எனக்கு வேணாம்."

கிறிஸ்துமஸுக்கு முன்பு முகம் வந்துவிட்டது. அன்செல்முக்கே தெரிந்தது, இத்தனை ஆண்டுகளில் இப்படி ஒன்றை அவர் வரைந்ததில்லை. பெரின் சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. அந்த இருமல் பிறகு அவளை விடவேயில்லை.

ஜனவரியில் வில்மோர் கோமாட்டியின் பணிப்பெண் தொயினெத், அமர்வுக்கு நாள் குறிக்க வந்தாள். சுவரோரம் காய்ந்துகொண்டிருந்த படத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஐயா, நீங்க குழியெல்லாம் வரைவீங்களா?"

"அது என் மனைவி."

"அது தெரியுதுங்க. எங்க கோமாட்டியம்மா, தன் குழியையும் வரைஞ்சிடுவீங்கன்னு பயந்துடுவாங்களே? பவுடர் போடாம கண்ணாடிகூட பாக்காதவங்க அவங்க."

மறுநாளே சொல்லி அனுப்பிவிட்டார்கள்: வியாழக்கிழமை கோமாட்டியே வருகிறாள், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வாள். அவள் அவரைக் கைவிட்டால், அவள் பின்னால் நிற்கிற அத்தனை சீமாட்டிகளும் கைவிடுவார்கள். படத்தை ஒளிக்கவும் வழியில்லை. அவள் கேட்டதே அதைத்தான்.

வழி சொன்னவள் பெரின். "மேல ஒரு பூச்சுப் பூசுங்க. பாத்துட்டுப் போகட்டும். ஈரம் காயறதுக்குள்ள தொடச்சுட்டா அடியில இருக்கறது அப்படியே இருக்கும்ல?"

"இருக்கும்."

"அப்புறம் என்ன? பூசுங்க."

நவம்பர் முழுக்கத் தடுமாறிய கை, ஒரு மணி நேரத்துக்குள் வேலையை முடித்தது.

கோமாட்டி வந்தாள். "எங்க அந்தப் பயங்கரம்?" என்று கேட்டாள். பார்த்தாள். தொயினெத் பக்கம் திரும்பினாள். "உனக்கென்ன கண்ணு நொள்ளையா?"

தொயினெத் படத்தைப் பார்த்தாள், கணப்பு அருகே நின்ற பெரினைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

கோமாட்டியும் பெரினைப் பார்த்தாள். "உங்க மேல அவருக்கு எவ்வளவு பிரியம் பாருங்க!" என்றாள் உருக்கமாக. பிறகு அன்செல்மிடம், "வண்டி வாசல்ல நிக்குது. இப்பவே கெளம்புங்க" என்றாள்.

மறுக்கிற வழக்கம் கிடையாது. அவர் தூரிகைகளை எடுத்துக் கட்டினார்.

"நான் தொடச்சு வெச்சிடட்டுமா?" பெரின் மெதுவாகக் கேட்டாள்.

"வேணாம், நீ கைய வெச்சுடாத. கொஞ்சம் அழுத்தினா அடியில இருக்கறதும் வந்துரும். ஈரம் நாலு நாள் தாங்கும், நான் வந்து பாத்துக்கறேன்."

வெர்சாயில் முதல் நாள் கோமாட்டி வேட்டைக்குப் போனாள். அப்புறம் சீட்டாட்டம், அப்புறம் பல்வலி, அப்புறம் ஒரு துக்கம். நடைபாதையில் மற்ற ஓவியர்கள், தையல்காரர்கள், நாய் கொண்டுவந்தவர்கள் நடுவே அன்செல்ம் நின்றார். உத்தரவில்லாமல் கிளம்புகிறவனைத் திரும்பக் கூப்பிடமாட்டார்கள். ஐந்தாம் நாள் காலையில் அவர் விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார். அன்றும் கூப்பிடவில்லை. மூன்றாவது வாரத்தில்தான் கோமாட்டி முகத்தைக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்தபோது பெரின் படுக்கையில் இருந்தாள். அவள் இருமலுக்காகப் பக்கத்து வீட்டுக்காரி கணப்பை இரவும் பகலும் எரியவிட்டிருந்தாள். படம் அதற்கு எதிரே நின்றது. அன்செல்ம் ஒரு கந்தைத் துணியில் சாயம் கரைக்கும் டர்பன்டைனைத் தொட்டுக் கன்னத்தின் ஓரத்தில் வைத்துத் தேய்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. இன்னும் அழுத்தினார். எதுவும் வரவில்லை. கத்தியை எடுத்துவிட்டுக் கீழே வைத்தார். கத்திக்கு மேல் எது, அடி எது என்று தெரியாது.

"உக்காரு பெரின். தலகாணி வெச்சுத் தூக்கி விடறேன். புதுசா ஒண்ணு வரைஞ்சுடலாம்."

"இந்த மூஞ்சியவா?" அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, குழிகள் மடிப்புகளுக்குள் போய்விட்டன. "இதையும் உர்சூலுக்குத் தெரியாதுங்க. விடுங்க."

"என் தப்பு. உன்னையே தொடைக்கச் சொல்லிருக்கணும்."

"நான் கேக்காமலே தொடச்சிருக்கணும்" என்றாள் பெரின். "உங்க வேலையில கை வைக்கக்கூடாதுன்னு பழகிப்போச்சு."

பிப்ரவரி கடைசியில் அவள் இறந்தாள்.

அடக்கம் முடிந்த பிறகு அன்செல்ம் புதிய ஓவியத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார். நெற்றி வந்தது, மூக்கு வந்தது, வாயில் அந்தக் கேலிகூட வந்தது. கன்னத்தில் நின்றுவிட்டார். கண்ணுக்குக் கீழே இருந்த பெரிய குழி மூக்கின் பக்கமா, காதின் பக்கமா? அதன் கீழே இருந்தவை இரண்டா, மூன்றா? இருபத்தாறு ஆண்டுகள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட கன்னம் அது. கண்ணை மூடினால் வில்மோர் கோமாட்டியின் கன்னம் வந்து நின்றது, வழவழவென்று.

ஏதோ சில இடங்களில் குழிகளை வைத்துப் பார்த்தார். யாரோ ஒரு அம்மை கண்ட பெண் அவரைப் பார்த்தாள். துணியைக் கிழித்துப் போட்டார்.

பழைய படத்தைத்தான் பெட்டியில் வைத்தார். மூடுவதற்கு முன் அதைத் திருப்பி, பின்பக்கம் "உன் அம்மா" என்று எழுதினார். எழுதாவிட்டால் உர்சூலுக்குத் தெரியாது.

கப்பல் மார்ச் மூன்றாவது வாரம் நாந்திலிருந்து கிளம்பியது. மார்த்தினீக் போய்ச் சேர இரண்டு மாதம் ஆகும்.