துப்பாக்கிக் குழலும் டயல் கேஜும்

நோர்பரியில் பூட்டுகளுக்குத் திறப்பு வெட்டும் கடையில் நின்றேன். இரும்பும் எண்ணெயும் சேர்ந்து சூடேறிய மணம் வந்தது. தொண்ணூறுகளின் ஒரு சனிக்கிழமை நினைவுக்கு வந்தது.

அப்பா, நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரின் மிச்சம் என்ற பகுதியில், வேட்டைத் துப்பாக்கிகள் செய்யும் பட்டறையில் வேலை செய்தார். அம்மாவுக்கு ஷிப்ட் என்றால் என்னையும் கூட்டிப்போவார். லேத் எனும் கடைசல் இயந்திரத்தில் குழலைப் பூட்டி, அதன் வாயில் மயிரிழை விலகலையும் முள்ளால் காட்டும் டயல் கேஜின் முனையை வைத்து மெல்லச் சுற்றுவார். முள் ஆடினால் குழல் மையத்தில் இல்லை. முள் அசையாமல் நிற்கும்வரை திருகுகளை இறுக்குவார், தளர்த்துவார்.

அன்று கோட் போட்ட ஒருவர் வந்தார். ஊர்க்காரர், அங்கே சண்டை நடத்தும் இயக்கத்துக்குக் காசு சேர்ப்பவர்.

“அண்ணை, ஊருக்கு அனுப்ப எங்களுக்கும் கொஞ்சக் குழல் செய்து தர ஏலுமோ?”

“ஏலாது தம்பி. இது மான் சுடுறவைக்கு.”

அவர் சிரித்துக்கொண்டே என் தலையைத் தடவினார். “பிள்ளையின்ரை பள்ளிக்கூடம் மூண்டரைக்குத்தானே விடுறது?”

நான் ஓம் என்றேன். அவர் போனதும் அப்பா லேத்தை நிறுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். பிடித்த இடம் வலித்தது.

அந்த மாதமே வேலையை விட்டார். நகரின் மறுகோடியிலுள்ள செவன் கிங்ஸுக்கு வீடு மாறினோம்.

“முதுகு நோகுது. இனி நிண்டு வேலை செய்ய ஏலாது,” என்று அம்மாவிடம் சொன்னார்.

பிறகு ஓய்வு பெறும்வரை பெற்றோல் ஸ்டேஷனில் நின்றுதான் வேலை செய்தார்.