நாற்பது நாள் சுல்தான்

பூட்டை உடைத்தபோது அங்கே இருந்தவர்கள்: வெள்ளிமலை விடுதிப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்த நான். வாட்ச்மேன். சரித்திர வாத்தியார். வராந்தாவில் தட்டோடு நின்ற பிள்ளைகள். கடப்பாரை வாத்தியார் கையில் இருந்தது.

தலைமை ஆசிரியர் லீவில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கியிருந்தார். பள்ளிக்கூடத்தை வாத்தியார் பொறுப்பில் விட்டவர், ஸ்டோர் சாவியை மட்டும் விடவில்லை. அது அவர் அரைஞாண் கயிற்றிலேயே கிடக்கும். லீவிலும் ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் ஏறிவந்து, ஒரு வாரத்து அரிசியை அளந்து வெளியே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்.

மதுரையை ஆண்ட ஒரு சுல்தானைப் பற்றி வாத்தியார் அப்போதுதான் பாடம் சொல்லியிருந்தார். அடுப்படியிலிருந்து நானும் கேட்டேன். மாமனார் சுல்தான் சண்டையில் ஜெயித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கத் தலைக்கவசத்தைக் கழற்றினாராம். எங்கிருந்தோ வந்த அம்பில் செத்தாராம். மருமகன் பட்டத்துக்கு வந்தான். நாற்பது நாளில் அவனைக் கொன்றுவிட்டார்கள்.

"ஏன் சார் கொன்னாங்க?"

"நடத்தை புடிக்கலையாம். அவ்ளோதான் எழுதி இருக்கு. இன்னா நடத்தைன்னு எழுதல."

அன்றிலிருந்து பொறுப்பு வாத்தியாருக்குச் சுல்தான் என்றே பெயர். அவர் பொறுப்பேற்ற நாளைக் கணக்கு வைத்து, ஸ்டோர் கதவோரச் சுவரில் பிள்ளைகள் தினம் ஒரு கரிக்கோடு போட்டார்கள்.

"நாப்பது தாண்டுவீங்களா சார்?"

"தாண்டினா பாயசம்டா."

அந்தச் சமயத்தில்தான் கீழே இடஒதுக்கீட்டுப் போராட்டம் மூண்டது. மரங்களை வெட்டி ரோட்டில் போட்டார்கள். ஒதுக்கீடு கேட்டவர்களுக்கு அதில் நியாயம் இருந்திருக்கும். எனக்கு அடுப்புதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை தலைமை ஆசிரியர் வரவில்லை. மிச்சம் இருந்ததைக் கஞ்சியாக்கி இரண்டு நாள் ஓட்டினேன். மலைக்காரர் வீடுகளில் சாமை கேட்டு வாங்கி ஒரு நாள். அடுத்த நாள் அடுப்பு மூட்டவில்லை. பூட்டுக்கு அந்தப் பக்கம் மூட்டை மூட்டையாக அரிசி இருந்தது.

"கவர்மெண்டு பூட்டு சார். கைய வச்சா வேலை போயிடும்," என்றான் வாட்ச்மேன்.

"வைக்கலன்னா இன்னா போவும்? அங்க பாருய்யா." தட்டுகளைக் காட்டினார் வாத்தியார்.

நான் கையை நீட்டினேன். "குடுங்க சார். சமையக்காரன் ஒடைச்சான்னு எழுதிக்கலாம்."

"நீங்க போயி ஒலைய வைங்க."

மூன்றாவது அடியில் பூட்டு விழுந்தது. சாப்பாடு ஆனதும் ஸ்டோர் நோட்டில் அவரே எழுதினார்: பிள்ளைகள் பசி. பூட்டை உடைத்தது நான். கீழே கையெழுத்துப் போட்டார்.

ரோடு திறந்ததும் தலைமை ஆசிரியர் வந்தார். பூட்டைத்தான் பார்த்தார். பின்னாலேயே ஆர்டர் வந்தது. பொறுப்பும் போய், வாத்தியாருக்கு வேறு ஊர் போட்டிருந்தார்கள்.

"காரணம் இன்னா சார் போட்டுக்கீறாங்க?"

"நடத்தையாம்." அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குப்பையில் கிடந்த பூட்டை எடுத்து வந்தேன். இன்றும் என் வீட்டில் இருக்கிறது. சாவி இல்லை. பள்ளிக்கூடத்துக்கு இப்போது புதுக் கட்டடம். அந்தச் சுவரை இடித்துவிட்டார்கள். நிறைய பேருக்கு ஆக்கிப் போட்டிருக்கிறேன். பூட்டைக் கையில் எடுத்தால் அவர் ஒருவர் முகம்தான் வருகிறது.

அவர் பஸ் ஏறிய காலையில் பிள்ளைகள் கோடு போடவில்லை. நான் சுவரடியில் நின்று எண்ணினேன்.

பத்தொன்பது.