மீன் இல்லாவிட்டால் சோறு இல்லை

பாலர் பள்ளி ஆசிரியை வேலை என்றால் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுப்பது என்று நம்பித்தான் நானும் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அது பெரும்பாலும் கையில் சோற்று உருண்டையோடு ஒரு மூடிய வாயின் முன்னால் உட்கார்ந்திருக்கும் வேலை என்று. வீட்டில் ஒரே ஒரு பிள்ளைக்கு ஊட்டுவதற்குள் இடுப்பு விட்டுப்போகும் தாய்மார்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. எனக்கு வாய்த்தது ஒரு கொட்டகை நிறையப் பிள்ளைகள்.

சாயல்குடிப் பக்கத்தில் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பெண் நான். வேலை கிடைத்தது பாம்பனில்; அங்கே போக ரயிலை விட்டால் வேறு வழியில்லாத நாட்கள் அவை. கடற்கரையில் ஒரு கீற்றுக் கொட்டகை, சமைக்க மேரியக்கா என்று ஓர் ஆயா, மேய்க்க நான். மற்றப் பிள்ளைகள் அழுதாவது தின்றுவிடும். ஜெசிந்தா மட்டும் மசியமாட்டாள். வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போகும் சந்தியாகுவின் மகள், மூன்று வயது. அப்பாவை 'அய்யா' என்றுதான் கூப்பிடுவாள். மீனும் சோறும் தவிர எதை நீட்டினாலும் உதட்டை இறுக்கிக்கொள்வாள். மீன் கிடைக்கும்வரை பரவாயில்லை. ஐப்பசியில் வாடைக்காற்று எழுந்து கடல் கலங்கினால் வள்ளங்கள் கரையேறிவிடுமே, அப்போது?

அவளுடைய அம்மா அந்தோணியம்மா முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டாள்: "காத்துக் கிளம்புறதுக்குள்ள வேற எதையாச்சும் திங்கப் பழக்கி விடுங்க டீச்சர். போன வாடையில இது பிழைக்கும்னே நான் நெனைக்கல."

பால்மாவு

வெளிநாட்டிலிருந்து வந்த பால்மாவைக் கரைத்துத் தினமும் காலையில் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. எவ்வளவு கலக்கினாலும் கட்டி கட்டியாக மிதக்கும். ஜெசிந்தா ஒரு மடக்கு வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். விழுங்கிவிட்டாள் என்று மகிழ்ந்து பாட்டெல்லாம் பாடினேன். பாட்டு முடிந்ததும் அத்தனையையும் என் மடியிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

புடவையை அலசப் போனேன். மேரியக்கா தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அது குடிக்கலேன்னு ஏன் டீச்சர் வருத்தப்படுறீக? கலக்குற எனக்கே கொமட்டுது."

நிறம் நிறமாக

மேற்பார்வைக்கு ஓர் அதிகாரி அம்மா வந்தார். பிள்ளைகளுக்குச் சாப்பாட்டை நிறம் நிறமாகக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் ஆசை வரும், கேரட்டைப் பூவாக வெட்டித் தட்டில் அடுக்கிப் பாருங்கள் என்று அரைமணி நேரம் சொன்னார். நானும் தலையாட்டினேன். பாம்பன் மணலில் விளைவது முருங்கை. அதன் நிறம் ஒன்றுதான். அதை எந்தப் பூவாக வெட்டுவது?

அவர் ரயிலேறிப் போனதும் மேரியக்கா கேட்டாள்: "அந்தக் கேரட்டுங்கிறது எந்த மடியில படும் டீச்சர்?" வலையில் மீன் விழும் மடியைச் சொல்கிறாள்.

பொறுக்கி

சரி, ஏமாற்றித்தான் பார்ப்போமே என்று பருப்புச் சோற்றில் சூடை மீனை உதிர்த்து, கீரையும் சேர்த்து, அடையாளம் தெரியாமல் பிசைந்தேன். ஜெசிந்தா ஆவலாகக் கை வைத்தாள். அப்பாடா என்று திரும்பி இன்னொரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டு வந்தால், தட்டில் பருப்பும் கீரையும் சோறும் அப்படியே இருந்தன. மீனை மட்டும் காணோம். கொக்கு தோற்றுவிடும்.

கோபத்தோடு சந்தியாகுவிடமே போய் நின்றேன். அவர் பெருமை தாங்காமல் சிரித்தார்: "மீன் திங்காத பிள்ளையத்தான் டீச்சர் டாக்டர்ட்ட கூட்டிப் போகணும்."

காற்று எழுந்தது

நான் எதிலும் ஜெயிப்பதற்கு முன்பே காற்று வந்துவிட்டது. வள்ளங்களை மேட்டுக்கு இழுத்துப் போட்டார்கள். வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்தும் ஜெசிந்தா தொடவில்லை என்றாள் அந்தோணியம்மா. அதுவும் மீன்தானே! எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளையின் கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. அவளைத் தூக்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானம், நான் நீட்டிய கேப்பைக் களியை என் பக்கமே தள்ளிவிட்டு, "நீ திங்கல?" என்றாள். பிள்ளைகளுக்கு ஆக்கியதில் ஆசிரியை கை வைக்கக்கூடாது என்பது சட்டம். அதை மூன்று வயதுக்கு எப்படிச் சொல்வது? எனக்குப் பசிக்கவில்லை என்றேன்.

அவள் என்னை நம்பாமல் பார்த்துச் சொன்னாள்: "அய்யாவும் இப்பிடித்தான் பசிக்கலங்குது."

தெரியாத மாதிரி

அன்று சாயங்காலம் அந்தோணியம்மாவை மடக்கிக் கேட்டேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சொன்னாள். மீன் பட்ட நாளில் சந்தியாகு மகளை மடியில் வைத்து ஒரே சட்டியில்தான் சாப்பிடுவார். தான் ஒரு வாய், அவளுக்கு ஒரு வாய். தொழில் இல்லாத நாளில் சட்டிப் பக்கமே வரமாட்டார். கரையிலேயே சாப்பிட்டாயிற்று என்று சொல்லிவிட்டு வலையோடு உட்கார்ந்துவிடுவார். அந்தக் கரையில் அநேக ஆண்கள் அப்படித்தானாம். இருக்கிற கொஞ்சம் பிள்ளைகளுக்கு ஆகட்டும் என்று. அந்தப் பிள்ளையோ, அய்யா தின்னாததைத் தானும் தின்பதில்லை.

"ஒங்களுக்குத் தெரியும்தானே, கேக்கக்கூடாதா?" என்றேன். அந்தோணியம்மா சொன்னாள்: "தெரியாத மாதிரி இருக்குறதுதான் டீச்சர் அவுகளுக்கு நாம குடுக்குற மரியாத."

உப்பு

மறுநாள் ஒரு சட்டியில் களியும் முருங்கைக்கீரைக் குழம்பும் எடுத்துக்கொண்டு, ஜெசிந்தாவை இடுப்பில் வைத்துக் கரைக்கு நடந்தேன். சந்தியாகு நாலைந்து பேரோடு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நான் அப்பவே சாப்பிட்டேன் டீச்சர்" என்றார். நான் கேட்கவே இல்லை. இந்தப் பொய் எனக்கு அலுத்துப்போயிருந்தது. மணலில் உட்கார்ந்து, சட்டமாவது ஒன்றாவது என்று ஓர் உருண்டையை நானே வாயில் போட்டுக்கொண்டேன். "பிள்ள ஒங்க வாயத்தான் பாக்குது அண்ணே. நீங்க தின்னா அது திங்கும். இல்லேன்னா இந்த வாடைய அது தாண்டாது" என்றேன்.

ஜெசிந்தா அவர் மடியில் ஏறி உட்கார்ந்து அவர் வாயையே பார்த்தாள். மற்ற ஆண்கள் தலை நிமிராமல் வலைக்கண்ணில் மூழ்கிவிட்டார்கள். சந்தியாகு வலையை ஒதுக்கி வைத்தார். பிறகு ஓர் உருண்டை எடுத்துத் தின்றார். அவர் விழுங்குவதற்குள் மகள் வாயைத் திறந்துவிட்டாள். அந்த வாய் திறந்ததைக் கண்டு நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

அவர் கடலைப் பார்த்தபடி சொன்னார்: "உப்புப் பத்தாது டீச்சர்."

அந்த வாடை முழுக்க ஜெசிந்தா கீரை, பயறு, களி என்று எதையும் விடாமல் தின்றாள் என்பது உண்மைதான், ஆனால் ஒரு சிறுபிள்ளையை ஒரு வாய் தின்ன வைக்க அதன் தகப்பனுக்கு முதலில் சோறு போட வேண்டும் என்று எனக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் ஒருவரும் சொல்லித் தரவில்லை.