மேகாவின் இடது முன்கால்

அந்தக் குதிரை நொண்டியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, இல்லை என்று சொன்னேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டுப் புனேக்கு வந்தவன் நான். லோஹேகாவ் அருகே ஒரு குதிரையேற்றப் பள்ளியில் வேலை. மேகா அங்கே தடை தாண்டப் பழகிய சாம்பல் நிறப் பெண்குதிரை. அவளை ஓட்டியவர் ரேவதி. கோவையிலிருந்து ஐ.டி. வேலைக்காக வந்து, நாற்பது வயதில் குதிரையேறக் கற்றவர்.

போட்டி நாள் காலை. எங்கும் மூடுபனி. பராமரிப்பாளர் மேகாவை வட்டமாக ஓட்டிக் காட்டினார். பனிக்குள் மிதந்து வந்தாள், மறைந்தாள், மீண்டும் வந்தாள்... இடது முன்கால் தரையில் படும்போதெல்லாம் அவள் தலை ஒரு விரற்கடை மேலே எழுந்தது. அந்த ஒரு குளம்பின் ஒலி மட்டும் சற்று மெலிந்து விழுந்தது. நீ பார்த்திருந்தால் அழகு என்றே நினைத்திருப்பாய்.

அது வலி. எனக்குத் தெரியும்!

பிறகு ஏன்? அதற்கு முந்தைய மாதம் இப்படித்தான் வேறொரு குதிரையைப் போட்டியில் இறங்கவிடாமல் நிறுத்தினேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை இன்னொரு முறை தாங்க எனக்குத் துணிவில்லை. அவ்வளவுதான்... ரேவதியிடம், தாராளமாக ஓட்டலாம் என்றேன்.

நான்காவது தடையைத் தாண்டி இறங்கித் திரும்பும்போது அந்தக் கால் முறிந்தது. மணலில் விழுந்த ரேவதிக்கு அடியில்லை. மேகாவுக்குக் கடைசி ஊசியைப் போட்டவன் நான். உறக்கம் வந்தவள்போல அவள் இமைகள் மெல்லச் சரிந்தன.

ரேவதி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“நாந்தான் தப்பாத் திருப்பிட்டேனுங்களா, டாக்டர்?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா?

“கொஞ்சம் வேகமாத் திருப்பிட்டீங்க,” என்றேன்.

பனியில் பார்த்ததை மறைத்தது கோழைத்தனம். இதற்கு என்ன பெயர்? எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அதன்பின் ரேவதி குதிரை ஏறவேயில்லை. சென்ற வாரம் போபோடியில் ஒரு கடை வாசலில் கணவரோடு நின்றிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“இவருதாங்க அந்த டாக்டர். மேகா வலியில்லாம போகோணும்னு கடைசி வரைக்கும் கூடவே இருந்தாரு.”

கணவர் என் கையை இரு கைகளாலும் பற்றி நன்றி சொன்னார்.

நான் அதைப் பெற்றுக்கொண்டேன்.