சுலோச்சனா செய்த வெள்ளி விமானம்

சுலோச்சனா போய்விட்ட செய்தி பாலிடெக்னிக் அலுவலகத் தொலைபேசிக்கு வந்தது. அலுவலக உதவியாளர் வகுப்பு வாசலில் வந்து நின்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கரும்பலகையில் பாதியில் நின்ற கணக்கை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவருடைய ஊரான அன்னூரில் அவரைக் கிடத்தியிருந்ததைப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது.

நம்மில் பலருக்கு அவரை வரைபடப் பிரிவின் கண்டிப்பான ஆசிரியையாகத் தெரியும். கோடு சற்றுத் தடித்துவிட்டாலும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆர்.எஸ்.புரத்தில் அவரோடு ஒரே வீட்டில் வாடகைக்குக் குடியிருந்த எனக்கு அவருடைய இன்னொரு பக்கமும் தெரியும். அதை அவரை அறிந்தவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

அவருடைய தம்பி செந்தில் விமானப்படையில் விமானி. வடக்கே எங்கோ பறந்துகொண்டிருந்தபோது விமானம் விழுந்து இறந்துபோனார். உடல் ஆணி அறைந்த பெட்டியில் வந்தது. திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அவர்களின் அப்பா ஒதுங்கி நின்றார். "என்ற பையன் இதுக்குள்ள இல்லீங்க" என்றார். கொள்ளி வைக்கவும் மறுத்துவிட்டார். பங்காளி ஒருவர்தான் வைத்தார்.

அதோடு முடிந்திருந்தால் ஒரு தகப்பனின் துயரம் என்று விட்டிருக்கலாம். செந்திலின் மனைவி கல்பனா தாராபுரத்துப் பெண். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அழைத்துப் போக வந்த பெற்றோரிடம், "அவன் வந்து கேட்டா நான் என்னங்க சொல்றது?" என்று சொல்லி அப்பா திருப்பி அனுப்பிவிட்டார். தினமும் அவள் தலைக்குப் பூ வாங்கிவந்து தருவார். கல்பனா அதை வாங்கி வைத்துக்கொண்டு அழக்கூட வழியில்லாமல் அந்த வீட்டுக்குள் நடமாடினாள். "அந்தப் புள்ளையை உசுரோட பொதைச்சுட்டு இருக்கறோமுங்க மேரி" என்று என்னிடம் சொன்னார் சுலோச்சனா.

செந்திலின் உடைமைகள் வந்த டிரங்குப் பெட்டியில், துணிகளுக்கு அடியில், அவர் ஓட்டிய அதே ரக விமானத்தின் பிளாஸ்டிக் பொம்மை ஒன்று இருந்தது. ஒட்டிச் சேர்க்க வேண்டிய, இன்னும் பிரிக்காத உதிரிப் பாகங்கள். சுலோச்சனா அதை எங்கள் வீட்டுக்கு எடுத்துவந்தார். "எங்க அய்யனுக்கு அவன் எதுல உட்கார்ந்திருந்தான்னே தெரியாது. செஞ்சு காட்டுறேன்" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

இறக்கையை ஒட்டியபோதும் சக்கரங்களைப் பொருத்தியபோதும் சிரமம் இருக்கவில்லை. வெள்ளிப் பூச்சுதான் அவரைப் படாதபாடு படுத்தியது. தூரிகையால் பூசியதும் விமான உடலின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடம் தழும்பு போலத் தெரிந்தது. எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டு, அந்தத் தழும்பை நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மறைத்தார். பிறகு உக்கடத்தில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் இப்ராகிம் பாயிடம் போனோம். அவரும் இவ்வளவு சிறிய பொருளுக்கு அடித்ததில்லை. பிளாஸ்டிக் கரண்டிகளில் முயன்று பார்த்தார்கள். முதல் கரண்டி பெயிண்டில் கலந்த தின்னர் பட்டுச் சுருங்கிப் போனது. சுலோச்சனா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அடுத்த கரண்டியை நீட்டினார்.

கடைசியில் வழி பிடிபட்டது. அடியில் கண்ணாடி போல மின்னும் கறுப்பு. அது நன்றாகக் காய்ந்த பிறகு, மேலே புகை படிவது போல மெல்லிய வெள்ளி. தகடு போன்ற சில பகுதிகளை மட்டும் காகித டேப்பால் மறைத்து, சற்று மங்கலாக இன்னொரு பூச்சு. நெருப்பு வெளியேறும் வால்பகுதிக்குச் சுலோச்சனா துளி பழுப்பு கலந்தார். எல்லாம் முடிந்தபோது அது பிளாஸ்டிக் என்றே தோன்றவில்லை. தொட்டால் சில்லென்றிருக்கும் என்று நினைத்தேன். விமானி அமரும் இடத்தின் கண்ணாடி மூடியை மட்டும் அவர் ஒட்டாமல் விட்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அன்னூருக்குக் கொண்டுபோனோம். அப்பா அதை இரண்டு கைகளாலும் வாங்கினார். கல்பனா கதவோரம் நின்றாள்.

"எங்க உட்காருவான் கண்ணு?" என்று மகளிடம் கேட்டார்.

சுலோச்சனா மூடியைத் திறந்து காட்டினார்.

"இத்தனை இடுக்குலயா?" என்று குனிந்து பார்த்தார். "ஆபத்துன்னா எப்படி வெளிய வருவான்?"

"மூடி பறந்துபோகும். இந்த நாற்காலியோட அவனை மேல வீசிப்போடும். அப்புறம் பாராசூட் விரியும்."

"அப்ப ஏன் வரலை?"

"தெரியலைங்க அய்யா. யாருக்கும் தெரியலை. ஆனா அவன் வரலை."

அப்பா அந்தச் சின்ன நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூடியைத் தாமே மெல்லப் பொருத்தினார். "அந்தப் புள்ளையை அவிக ஊட்டுக்கு அனுப்பிப்போடு" என்றார். மறுவாரம் பேரூருக்குப் போய், ஆற்றில் இறங்கி, மகனுக்குச் செய்ய வேண்டியதை முதன்முறையாகத் தம் கையால் செய்தார். கல்பனா தாராபுரத்துக்குப் போனாள். பின்னர் படித்து வேலைக்கும் சேர்ந்தாள். அன்னூர் வீட்டில் மட்டும் எதுவும் தேறவில்லை. அப்பா சாப்பாட்டைக் குறைத்தார், பேச்சைக் குறைத்தார், அடுத்த மழைக்காலத்துக்குள் போய்ச் சேர்ந்தார்.

"ஒருத்தியை விடுவிச்சேன். ஒருத்தரைக் கொன்னுபோட்டேன்" என்று சுலோச்சனா ஒருமுறை சொன்னார். நான் மறுக்கப் பார்த்தேன். "ரெண்டும் நெசமுங்க. ஒண்ணை மட்டும் எடுத்துக்க முடியாது" என்றார்.

புற்றுநோய் முற்றிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லோரும் சீக்கிரம் வீடு திரும்பிவிடுவீர்கள் என்றார்கள். நானும் அதையே சொல்ல வாயெடுத்தேன். "ஏனுங்க மேரி, நல்லாயிருமுன்னு சொல்லாதீங்க. சும்மா பக்கத்துல உட்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்கும்வரை எழுந்திருக்கவில்லை.

சென்ற மாதம் எங்கள் தேவாலயப் பங்கில் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு வீட்டுக்குப் போனேன். எல்லாம் கடவுள் சித்தம் என்று வழக்கமாகச் சொல்வது வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அந்தத் தாயின் பக்கத்தில் தரையில் அமர்ந்தேன். வெகுநேரம் கழித்து அவள் தன் தலையை என் தோளில் சாய்த்தாள். சுலோச்சனாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான்.