இனாமாய்க் கொடுத்த கார்டு

பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கேமரா கடையில் ஒன்பது வருஷமாய் நிற்கிறேன். இந்தத் தொழிலில் சரக்கை விற்பது வாய்தான். உங்களில் கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களுக்கு மிச்சத்தை நான் விளக்கவே வேண்டாம்.

தூக்கிப் பார்த்தவர்

கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஒரு முந்திரித் தோப்புக்காரர் மகனுக்குக் கேமரா வாங்க வந்தார். ஆரம்ப விலை டிஎஸ்எல்ஆர் இரண்டை எடுத்து வைத்து மெகாபிக்சல், ஃபோகஸ், வீடியோ என்று அரைமணி நேரம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினேன். மனுஷன் எதையும் காதில் வாங்கவில்லை. கைக்கு ஒன்றாய்த் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வலது கையில் இருந்ததை என்னிடம் நீட்டினார்.

"கனமா இருக்கறதுதாங்க தாங்கும். இதுக்கே பில்லப் போடுங்க."

நாலு கார்டு கேட்டவர்

அவர் போனதும் கடையே சிரித்தது. அடுத்த வாரம் வந்தவருக்கு நான் செய்ததை நினைத்தால் இப்போது சிரிக்க வாய் வரவில்லை.

எறையூர் செல்வி. இதே டவுனில் ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டுக் கல்யாண போட்டோ எடுக்க இறங்கியவர். மணப்பெண் அலங்காரம், மஞ்சள் நீராட்டு இதையெல்லாம் ஒரு பெண் எடுத்தால் வீட்டுப் பெண்கள் கூச்சப்படாமல் நிற்பார்கள் என்று யோசித்திருந்தார். நல்ல யோசனைதான். ஆனால் முதல் கல்யாணம் சொதப்பினால் திரும்பவும் ஜவுளிக்கடைதான் என்று வீட்டுக்காரர் கறாராய்ச் சொல்லிவிட்டாராம்.

மூன்று தடவை வந்து நோட்டில் எழுதிக்கொண்டு போனார். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் எது தெளிவாய் எடுக்கும், பாட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், பின்னால் வேறு லென்ஸ் வாங்கினால் பொருந்துமா, எல்லாம் சரியான கேள்வி. கடைசியில், நான் காட்டிய இரண்டு கேமராவிலும் மெமரி கார்டு போட ஒரே இடம்தானே இருக்கிறது, சின்னதாய் நாலு கார்டு வாங்கி மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளட்டுமா, ஒன்று கெட்டாலும் மற்றதில் இருக்கிற படம் தப்புமே என்று கேட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். பெரிய கார்டே ஒன்று இனாமாய்த் தருகிறோம், கல்யாணம் முடிகிற வரைக்கும் கழற்றவே வேண்டாம் என்றேன். கடையில் விலை போகாமல் தேங்கிக் கிடந்த, பேர் தெரியாத கார்டு அது. செல்வி கொஞ்சம் தயங்கினார். பிறகு நோட்டை மூடிவிட்டார்.

"நீங்க இதுலயே இருக்கறவங்க. நீங்க சொன்னா சரியாத்தாண்ணே இருக்கும்."

ஜெயங்கொண்டத்து ஆல்பம்

முதல் கல்யாணம் ஜெயங்கொண்டத்தில். தாலி கட்டி, பந்தியும் எடுத்து முடித்த பிறகு கார்டு படுத்துவிட்டது. மறுநாள் காலையில் அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு கடை திறக்கும் முன்னாலேயே வந்து நின்றார். என்னால் ஆனதைப் பார்த்தேன். திருச்சிக்கு அனுப்பியும் ஒரு படம் தேறவில்லை.

செல்வி அசரவில்லை. வந்திருந்த சொந்தக்காரர்கள் செல்லில் எடுத்திருப்பார்களே என்று வீடு வீடாய் ஏறி இறங்கிப் படங்களை வாங்கினார். நம் பக்கம் தாலி கட்டுகிற நேரத்தில் போட்டோ எடுக்கிறவர்தான் மணவறைக்கு நேர் முன்னால் நிற்பார்; மற்றவர்கள் எல்லாம் அவருக்குப் பின்னாலிருந்து கையைத் தூக்கி எடுப்பார்கள். எந்தப் படத்தைத் திறந்தாலும் பொண்ணு மாப்பிள்ளையை மறைத்துக்கொண்டு செல்வியின் முதுகு. அதையே வைத்து ஆல்பம் போட்டார்.

கொடுக்கப் போன அன்றைக்கு நானும் கூடப் போனேன். தப்பு என் மேல்தான் என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர்கள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, சொல்லாமலே உட்கார்ந்திருந்தேன். வெட்கமாய் இருந்தது. கல்யாணப் பெண் திட்டவில்லை. ஒவ்வொரு பக்கமாய்ப் புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாய்ச் சொன்னது.

"எங்க கல்யாணத்துல உங்க முதுவு மட்டுந்தாங்க்கா நல்லா விழுந்திருக்கு."

செல்வி மறுபடியும் பழைய ஜவுளிக்கடையிலேயே சேலை மடித்துக்கொண்டிருக்கிறார். கேமராவில் எது முக்கியம், எது முக்கியமில்லை என்று இன்றைக்கும் நாள் முழுக்க ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிற நான், தீபாவளித் துணி எடுக்க மட்டும் அரியலூருக்கு பஸ் ஏறிவிடுகிறேன்.